செபமாலையம்மாள் பேரில் ஒரு விசா

பிலோமியின் கல்லறையில் வருஷம் தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தது பிலோமிதான். இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரட்டும், நான் காத்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வராது. அந்தக் கல்லறைக்குப் பேர் எழுதிக் கொடுத்தவன் நான்.

என் பேர் சுவக்கீன். குமுளி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு மாடிப்படிக்குக் கீழே சின்னக் கடை வைத்து ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக் கொடுக்கிறேன். பாஸ்போர்ட், பான் கார்டு, வருமானச் சான்று, இப்போது சில வருஷங்களாக விசா. இந்த மலையில் ஏலம் காய்க்கிறதோ இல்லையோ, வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள் நன்றாகக் காய்க்கிறார்கள். அதற்கு முன்னால் இருபது வருஷம் சக்குபள்ளம் பக்கம் ஒரு ஏல எஸ்டேட்டில் செக்ரோல் எழுதினேன். காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, வந்தவர்கள் வராதவர்களைக் குறித்து வைக்கும் பேரேடு அது. அங்கே பேர் இருந்தால் ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பேரேட்டில் செபமாலையம்மாள் நிரந்தரத் தொழிலாளி. வயது இருபத்தாறு, இடதுகைக்காரி. மற்றவர்கள் எல்லோரும் என்னை அண்ணே என்பார்கள், சார் என்பார்கள். அவள் மட்டும் ‘கணக்கரே’ என்று இழுத்துக் கூப்பிடுவாள். அதில் மரியாதையும் இருக்கும், கேலியும் இருக்கும், கேலிதான் ஒரு பிடி கூடுதல். அவள் போன பிறகு பன்னிரண்டு வருஷம் அந்த வார்த்தையால் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. அவள் புருஷன் மிக்கேல்ராஜ் ஜீப் ஓட்டினான், எஸ்டேட் ஆள் இல்லை. எஸ்டேட் வரிசை வீடுகளான லயத்தில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீடு செபமாலையின் பேருக்குக் கிடைத்தது.

2012 மாசியில் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஜோமோள் என்று பேர் வைத்தார்கள். பிள்ளை பெற்ற கையோடு இருமல் பிடித்துக்கொண்டது. மிக்கேல்ராஜின் ஜீப்பில் நானும் ஏறிக் கட்டப்பனைக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினார் டாக்டர். வலதுபக்கம் காறை எலும்புக்குச் சற்றுக் கீழே ஒரு ஏலக்காய் அளவுக்கு வெள்ளையாக ஏதோ இருந்தது. டிபி. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்கள். அக்காளையும் குழந்தையையும் பார்த்துக்கொள்ளக் கம்பத்திலிருந்து தங்கச்சி பிலோமி ஏறி வந்தாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது, தாய் தகப்பன் இல்லை. அக்காள் மிச்சம் வைத்த கஞ்சியை அதே தட்டில் குடிப்பாள். வேண்டாம் என்று நானே திட்டியிருக்கிறேன். கேட்டால்தானே.

மூன்று மாசம் மாத்திரை ஓடியது. ஆனி மழையில் ஒருநாள் நடுப்பகலில் செபமாலை செத்துப் போனாள்.

எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. சட்டத்தில் கிடையாது, வாய்ப்பேச்சில் நடப்பது. நிரந்தரத் தொழிலாளி செத்தால் பேரை அடித்துவிடுவார்கள், வீட்டைக் காலி செய்யச் சொல்லுவார்கள். ஆனால் அதே வீட்டில் அதே வாகில் இன்னொரு பெண் இருந்து, மறுநாள் காலை வரிசையில் நின்றுவிட்டால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். தலையில் சாக்கு போட்ட பெண்களில் ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் வித்தியாசம் தெரிந்த மேனேஜரை நான் இருபது வருஷத்தில் கண்டதில்லை. கங்காணி சுடலை என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த மிக்கேல்ராஜிடம், “ஆளு போயிருச்சுப்பா. பேரையாவது சாகவிடாதீக” என்று சொன்னவன் நான்தான். நாலு மாசக் குழந்தையோடு அவர்கள் மழையில் எங்கே போவார்கள்? அன்றைக்கு அது நல்ல காரியமாகத்தான் பட்டது.

அடக்கச் சீட்டை நான் எழுதினேன். இறந்தவர்: பிலோமினாள், வயது 22. சாமியார் ஊருக்குப் புதுசு, கேட்ட பேரைச் சொல்லி ஜெபித்தார். கோவில் பதிவேட்டிலும் பஞ்சாயத்திலும் அதே பேர் ஏறியது. சிலுவையில் தார் பெயிண்டால் அதே பேரை எழுதினார்கள்.

மறுநாள் காலை பேர் கூப்பிட்டேன். “செபமாலையம்மாள்.” சாக்கைத் தலையில் போட்டு நின்ற பிலோமி வாய் திறக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். இரண்டாம் முறை கூப்பிட்டேன். “இருக்கேன்” என்றாள். நான் குறித்துக்கொண்டேன்.

அந்த வருஷக் கடைசியில் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆதார் முகாம் நடந்தது. பிலோமியின் பத்து விரல் ரேகையும் இரண்டு கண்ணும் செபமாலையின் பேரில் ஏறின. மிக்கேல்ராஜ் ஒரு வருஷம் ஏலம் காயவைக்கும் ஸ்டோரில்தான் படுத்தான். பிறகு வீட்டுக்குள் வந்தான். புதிதாகக் கல்யாணம் எதற்கு, காகிதத்தில்தான் ஏற்கெனவே ஆகிவிட்டதே. அக்காளின் தாலியையே அவள் போட்டுக்கொண்டாள். ஜோமோள் பேசத் தொடங்கியதும் அவளை அம்மா என்றாள். 2018 வெள்ளத்தில் ஜீப் கவிழ்ந்து அவனும் போனான். சுடலையும் போய்ச் சேர்ந்தான். பழைய லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராகக் கம்பம், போடி என்று இறங்கிவிட, வடக்கத்தி ஆட்கள் வந்து நிறைந்தார்கள். கடைசியில் விஷயம் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். நாங்கள் மட்டும் இருக்கும்போது நான் அவளைப் பிலோமி என்றே கூப்பிடுவேன். உலகத்தில் அவளை அந்தப் பேரால் கூப்பிட நான் ஒருவன்தான் மிச்சம்.

ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளில், தாயும் மகளும் அந்தச் சிலுவைக்குச் செவ்வந்தி மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். “சித்திக்காக ஜெபம் பண்ணு” என்பாள் பிலோமி. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, பெற்ற தாய்க்கு முன்னால் நின்று, சித்திக்காக ஜெபம் பண்ணும். நான் ஒரு தடவைதான் கூடப் போனேன். அதற்கப்புறம் அந்தத் தேதியில் எனக்கு வேறு வேலை வந்துவிடும்.

2023 ஆவணியில் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். ஜோமோளுக்குப் பதினொரு வயது, கணக்கில் புலி. அவள் படிக்கும் பள்ளியை நடத்தும் கன்னியாஸ்திரிகள் சபைக்கு ஆஸ்திரேலியாவிலும் ஒரு பள்ளி இருந்தது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளில் ஒருத்தியை வருஷந்தோறும் அங்கே எடுத்துப் படிக்க வைப்பார்கள். இந்த முறை ஜோமோள். படிப்பும் தங்கலும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. பிள்ளை சின்னது என்பதால் தாயோ தகப்பனோ கூட வந்து தங்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. அதற்குத் தனி விசா. அந்த விசாவில் போகிறவர் வேலை பார்க்கக் கூடாது, பிள்ளையோடு இருக்க மட்டும்தான் அனுமதி. தகப்பன் இல்லை. தாய்க்கு விசா கிடைக்காவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும்.

“அண்ணே, எம் பேர்ல எல்லாம் சரியா இருக்கா? நான் கூடப் போயிரலாமா?” என்று கேட்டாள் பிலோமி.

எந்தப் பேரில் என்று கேட்க வாய் வரை வந்தது. ஜோமோள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். “எல்லாம் கிளியரா இருக்கும்மா” என்றேன். பொய் இல்லை. ஜோமோளின் பிறப்புச் சான்றில் தாய் செபமாலையம்மாள், ஆதாரில் செபமாலையம்மாள், ரேஷன் கார்டில், பாஸ்போர்ட்டில் எல்லாம் அவளேதான். இவ்வளவு ஒழுங்கான காகிதங்களை இந்தக் கடையில் நான் அதிகம் பார்த்ததில்லை.

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தேன். இடது கையால் வாங்கிப் போட்டாள். எனக்குப் பகீரென்றது. பிலோமி வலதுகைக்காரி. அந்த வீட்டில் இடது கை அவளுடையது அல்ல.

“எப்பருந்து?” என்று மெதுவாகக் கேட்டேன்.

தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “தெரியலயேண்ணே. காய் எடுக்கையில அப்பிடியே பழகிருச்சு போல.”

விசா விண்ணப்பத்தில் கேள்விகளுக்கு ஒரு முடிவே கிடையாது. இருந்தவனைக் கேட்கும், இல்லாதவனைக் கேட்கும், பத்து வருஷத்துக்கு முன் எங்கே தூங்கினாய் என்றும் கேட்கும். ஒரு கேள்வி: உங்களுக்கு எப்போதாவது காசநோய் வந்ததுண்டா? நான் நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். பதினொரு வருஷத்தில் ஒரு நாள் இருமாத உடம்பு. ‘இல்லை’ என்று குறித்தேன். எல்லாக் காகிதத்திலும் செபமாலைக்காகப் பதில் எழுதிப் பழகியவன், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எதிரே உட்கார்ந்திருந்த பிலோமிக்காகப் பதில் எழுதிவிட்டேன். நான் எழுதிய ஒரே உண்மை அதுதான். அதுதான் எங்களை மாட்டிவிட்டது.

ஐப்பசியில் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனைக்குக் கொச்சி போய்வந்தார்கள். ஜோமோளுக்கு ஒன்றும் இல்லை. நாலாம் நாள் என் மெயிலுக்குக் கடிதம் வந்தது. தாயின் வலது நுரையீரலின் மேல்பாகத்தில் காசநோய்த் தழும்பு இருக்கிறது. முன்பு நோய் வந்ததை ஏன் சொல்லவில்லை. பழைய சிகிச்சை விவரத்தைக் கொண்டு வரவும். சளி சோதனை முடியும்வரை விசா நிறுத்தி வைக்கப்படும்.

ஜோமோள் பள்ளிக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பிலோமியைக் கடைக்கு வரச் சொன்னேன். கடிதத்தைப் படித்துக் காட்டியதும், “எனக்கு எங்கண்ணே வந்துச்சு? அக்காவுக்குத்தான...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். நாங்கள் குமுளியிலேயே இன்னொரு எக்ஸ்ரே படம் எடுத்தோம். அவள் வீட்டுக்குப் போய்ச் செபமாலையின் தகரப் பெட்டியிலிருந்து பழைய படத்தை எடுத்துவந்தாள். ஓரம் கருகி, மடிப்பு விழுந்திருந்தது. மூலையில் செபமாலை, 26 என்று எழுதியிருந்தது. புதிய படத்தில் செபமாலை, 37.

ஜன்னல் கண்ணாடியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பிறகு அவளே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாள். வெளியே கம்பம் பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. பட்டப்பகல், நல்ல வெயில். இரண்டு படத்து ஏலக்காய்த் தழும்பும் ஒன்றாகிப் போயின. காறை எலும்புகூட ஒரே கோட்டில் விழுந்தது.

“நீ அவ தட்டுல தின்ன, அவ இருமையில பக்கத்துல கெடந்த. அப்பவே ஒட்டியிருக்கும். தன்னால அடங்கிக் கெடந்திருக்கும். டாக்டருங்க இந்த மாதிரி தெனமும் பாக்குறாங்க” என்றேன்.

“அப்ப எப்பிடிண்ணே அதே எடத்துல?”

“எல்லாருக்கும் மேல்பக்கந்தான் வரும்.” அதுவும் உண்மைதான், யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவள் படங்களைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். “பேரக் குடுத்தவ மிச்சத்தையும் குடுப்பால்ல” என்றாள். அழவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி நானாகவே கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. ஜோமோள் மாலை போட்டாள். பிலோமி மெழுகுவர்த்தியை இடது கையில் பிடித்து, தன் பேரைத் தானே வாசிப்பதுபோல உதட்டை அசைத்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது என் பக்கத்தில் வந்து, “போலீசுக்குப் போய் உண்மையச் சொல்லிரட்டுமாண்ணே?” என்று கேட்டாள்.

“சொன்னா விசா போச்சு. பிள்ளை இங்கயே கெடக்கும். நீயும் நானும் ஜெயில்ல” என்றேன். அவள் ஜோமோளின் தலையைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

டிசம்பரில் சளி சோதனை முடிவு வந்தது. தழும்பு மட்டும் இல்லை, கிருமி உயிரோடு இருந்தது. ஆறு மாசம் மாத்திரை முழுசாக முடித்து, குணமானதாகச் சான்று கொடுத்தால்தான் விசா. பள்ளி தை மாசம் திறக்கிறது. நான் கன்னியாஸ்திரிகளிடம் ஓடினேன், அவர்கள் ஆஸ்திரேலியாவுக்கு எழுதினார்கள். ஜூலை வரை இடத்தை வைத்திருப்பதாகப் பதில் வந்தது. அதற்கு மேல் ஒரு வாரம்கூட முடியாதாம்.

சுகாதார நிலையத்தில் காசநோய்ப் பிரிவைப் பார்ப்பவன் ஜோபி, சின்னப் பையன் மாதிரி இருப்பான், ஆனால் பொறுப்பானவன். பழைய அட்டையைத் தேடி எடுத்தான். மாசாமாசம் எடை எழுதியிருந்தது: 41, 39, 36. நாலாவது கட்டத்திலிருந்து காலி. கீழே சிவப்பு மையில் ‘வரவில்லை’ என்று ஒரு வார்த்தை.

“சேச்சி, இந்த எடையப் பாத்தா ஆள் பிழைச்சிருக்கவே கூடாது. பாதியில நிறுத்திட்டு எப்பிடி இவ்ளோ வருஷம் இருந்தீங்க?” என்றான் ஜோபி.

பிலோமி அவனைப் பார்த்துச் சிரித்தாள். “அதான் திரும்ப வந்துட்டேன்ல.”

ஒரு நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாள். தினமும் காலையில் ஜோபியின் முன்னால் போய் விழுங்குவாள். அக்கா விட்ட இடத்திலிருந்து நான் முடிக்கிறேன் என்று முதல் மாசம் என்னிடம் சொன்னாள். மூன்றாம் மாசம் முடித்து நாலாவது மாசம் தொடங்கியபோது, அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அக்கா என்ற வார்த்தையே அவள் வாயில் வரவில்லை. சித்திரையில் ஒருநாள் குமுளிக் கடைவீதியில் அவள் முன்னால் போவதைப் பார்த்து, “பிலோமி” என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கிட்டே போய் இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவள் மிளகாய் வற்றலைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஜோமோள்தான் திரும்பினாள்.

“மாமா, அம்மாவப் போயி சித்தி பேரச் சொல்லிக் கூப்பிடுறீகளே” என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

ஜூன் கடைசியில் சான்று கிடைத்தது. நான்தான் அதை ஸ்கேன் செய்து அனுப்பினேன், அதனால் ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. ‘செபமாலையம்மாள், 2012-ல் சிகிச்சையைப் பாதியில் நிறுத்தியவர், 2024-ல் முழுமையாக முடித்தார். குணமடைந்தார்.’ முத்திரை, கையெழுத்து, தேதி. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் என் கண் முன்னால் குழியில் இறக்கியவள் குணமடைந்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, கடையைச் சாத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை இரண்டாம் வாரம் விசா வந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் மட்டும் கடைக்கு வந்தாள். கையில் ஒரு பெட்டி மெழுகுவர்த்தி.

“நவம்பர்ல நீங்க ஏத்திருங்கண்ணே. விட்டுறாதீக.”

“ஏத்துறேன். ஜோமோள்கிட்ட என்னைக்குச் சொல்லப் போற?”

மெழுகுவர்த்திப் பெட்டியை மேஜைமேல் வைத்தாள். “அங்க எங்களை யாருக்குத் தெரியும்? பயப்பட ஒண்ணுமில்ல. போன கையோட சொல்லிருதேன், பெத்தவ யாருன்னு. அவளுக்காகவும் பிள்ள ஒருநாளாவது ஜெபம் பண்ணணும்லண்ணே.”

“சத்தியமா?”

“சத்தியமாண்ணே.” பிலோமி என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

இந்த நவம்பர் இரண்டாம் தேதி பிற்பகல் நான் மெழுகுவர்த்திப் பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்கும், இனி இந்தச் சிலுவையில் பேரை மாற்றி எழுதலாமா என்றுகூட வழியில் யோசித்துக்கொண்டு போனேன். மழை வருவது போல இருந்தது. ஏற்றி வைத்து நிமிரும்போது வீடியோ கால் வந்தது. ஜோமோள். ஒரு பிடி வளர்ந்திருந்தாள்.

“மாமா, சித்திக்கு ஏத்தியாச்சா? காட்டுங்க மாமா.”

போனைச் சிலுவைப் பக்கம் திருப்பினேன். பிள்ளை அங்கிருந்தே சிலுவை போட்டு, “பிலோமி சித்தியோட ஆன்மா இளைப்பாறட்டும்” என்று ஜெபம் சொன்னாள். பிள்ளையிடம் பிலோமி சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.

“அம்மாகிட்ட குடு தாயி. நீ அங்கிட்டுப் போ, ஒரு காரியம் பேசணும்” என்றேன்.

போன் கை மாறியது. முகம் தெளிந்து, உடம்பு தேறி இருந்தாள். கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை பொறுத்தேன். பிறகு தணிந்த குரலில், “பிலோமி, சத்தியம் பண்ணிட்டுத்தான போன? ஏன் இன்னும் சொல்லல?” என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் தெரிந்த சிலுவையைப் பார்த்தாள், வழியில் போகிறவர்கள் யாரோ ஒருவருடைய கல்லறையைப் பார்ப்பதுபோல. பிறகு இடது கையால் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள்.

“யாரக் கேக்குறீக, கணக்கரே?” என்று இழுத்தாள்.

நான் போனை அணைத்தேன். பெட்டியில் இன்னும் ஐந்தாறு மெழுகுவர்த்திகள் இருந்தன. ஒன்றை எடுத்துச் சிலுவையின் கீழே, இந்தத் தடவை பிலோமிக்காகவே ஏற்றினேன்.